மாலை நேர ஆட்டோமேஷன் பயிற்சி: குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

நாகர்கோவிலைச் சுற்றி பேனல் வேலையும், புது மெஷினைச் சோதித்து ஓடவைக்கும் கமிஷனிங் வேலையும் பார்க்கிறவன் நான். வாரத்தில் சில மாலைகள் சொல்லிக்கொடுக்கவும் செய்கிறேன். போனிலும் டீக்கடையிலும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். எந்த சென்டரின் பெயரும் இதில் இல்லை. எங்கே சேர வேண்டும் என்று சொல்லப்போவதில்லை, எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்று சொல்கிறேன்.

ஆட்டோமேஷன் என்றால் கம்ப்யூட்டர் வேலையா, எலக்ட்ரீஷியன் வேலையா?

இரண்டும் கலந்தது. ஆனால் தொடக்கம் எலக்ட்ரீஷியன் பக்கத்திலிருந்துதான்.

குளச்சல் பக்கத்து ஐஸ் பிளான்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அம்மோனியா கம்ப்ரசர் ஓட வேண்டும். உப்புநீர்த் தொட்டி பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். கண்டென்சருக்குத் தண்ணீர் நிற்காமல் போக வேண்டும். பழைய முறையில் ஓர் ஆபரேட்டர் இரவெல்லாம் விழித்திருந்து, கேஜைப் பார்த்து, வால்வைத் திருகி இதை நடத்துவார். அதையே சென்சர் பார்த்து, பி.எல்.சி. என்கிற பெட்டி முடிவெடுத்து, மோட்டாரைப் போட்டு நிறுத்தும் கான்டாக்டரும் அதன் வேகத்தை மாற்றும் டிரைவும் செய்து முடித்தால் அது ஆட்டோமேஷன். தண்ணீர் பம்ப் நின்றால் கம்ப்ரசரை நிறுத்து, பிரஷர் எல்லை தாண்டினால் நிறுத்து, அம்மோனியா கசிந்தால் சைரன் அடித்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடு என்று எழுதுவது புரோகிராமிங். சென்சரிலிருந்து பேனல் வரை கேபிள் இழுத்து, லக் அடித்து, வயருக்கு நம்பர் போட்டு, ஒவ்வொன்றாகச் சோதிப்பது மீதி வேலை. அந்த மீதிதான் பெரும்பகுதி. இதைச் சொன்னதும் சிலர் முகம் வாடிவிடும். ஏ.சி. அறையில் லேப்டாப்போடு உட்காருகிற வேலை என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

பி.எல்.சி. பிறந்த கதையே எலக்ட்ரீஷியனை நினைத்துத்தான். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, கார் மாடல் மாறும்போதெல்லாம் ரிலே (கரண்ட்டால் இயங்கும் சுவிட்ச்) பேனல்களைப் பிரித்து மறுபடி வயரிங் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு மாற்று வேண்டும் என்று 1968-ல் கேட்டது. டிக் மார்லியின் குழு 1969-ல் மோடிகான் 084 என்ற கருவியைக் கொண்டு வந்தது. ரிலே டிராயிங்கைப் படிக்கத் தெரிந்தவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதால்தான் புரோகிராமும் ஏணி போன்ற லேடர் வடிவத்தில் வந்தது. இன்றைக்கும் வயர்மேன் வேலை பார்த்த பையன் லேடரை வேகமாகப் பிடித்துக்கொள்வான். கோடிங் மட்டும் தெரிந்த பையன் கொஞ்சம் திணறுவான்.

நம்ம மாவட்டத்திலேயே இதற்கு வேலை கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் அளவாக. பெரிய கார் தொழிற்சாலையோ ரசாயன ஆலை வரிசையோ இங்கே இல்லை. இருப்பவை சின்ன, நடுத்தர யூனிட்கள்.

அண்டி ஆபீஸ்களை, அதாவது முந்திரி ஆலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டையை ஆவியில் வேகவைப்பது, உடைப்பது, பருப்பை உலர்த்துவது, தோல் நீக்குவது என்று கையால் நடந்த வேலைகளுக்கு ஒன்றொன்றாக மெஷின் வந்துவிட்டது. கேமரா வைத்துப் பருப்பைத் தரம் பிரிக்கும் கலர் சார்ட்டரில் சென்சர், காற்று வால்வு, கண்ட்ரோலர் எல்லாம் உண்டு. அது நின்றுபோனால் சர்வீஸ் ஆள் வெளியூரிலிருந்து வரும்வரை முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு இருப்பார். ரப்பர் பக்கம் பார்த்தால் ரப்பர் பால் சென்ட்ரிஃப்யூஜ், டிரையர், பாய்லர். அப்புறம் மீன்வலை மெஷின்கள், பால் பண்ணை, தேங்காயெண்ணெய் மில், ரைஸ் மில், குடிநீர்த் திட்டங்களின் பம்ப் ஹவுஸ். கோணம் சிட்கோ தொழிற்பேட்டையை ஒரு சுற்று நடந்து பார்த்தாலே எத்தனை விதமான மோட்டார் ஓடுகிறது என்று தெரியும். மணவாளக்குறிச்சியில் ஐ.ஆர்.இ.எல். நிறுவனத்தின் தாதுமணல் பிரிப்பு ஆலை இருக்கிறது. கோதையாற்றில் 60 மெகாவாட், 40 மெகாவாட் என இரண்டு புனல் மின் நிலையங்கள். இவை அரசு நிறுவனங்கள், முறையான அறிவிப்பு வழியாகத்தான் ஆள் எடுப்பார்கள். மாலை கோர்ஸ் முடித்துவிட்டு வாசலில் போய் நின்று பயனில்லை.

மாவட்ட எல்லையைத் தாண்டினால் கதவுகள் கூடுதல். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், திருநெல்வேலியைத் தாண்டி கங்கைகொண்டான் சிப்காட், தூத்துக்குடியில் 2025-ல் திறந்த வின்ஃபாஸ்ட் கார் ஆலை, இந்தப் பக்கம் திருவனந்தபுரம். களியக்காவிளை, மார்த்தாண்டம் பிள்ளைகளுக்குத் திருவனந்தபுரம் தினசரி போய்வருகிற தூரம்தான்.

என் கருத்து இது: முதல் மூன்று வருடம் கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று எங்காவது போய்க் கை பழகிவிட்டு வருகிறவருக்கு இங்கே தனியாகவே தொழில் உண்டு. படித்த மறுநாளே வீட்டிலிருந்தபடி வேலை வேண்டும் என்றால் கஷ்டம்.

காற்றாலையில் சேர இந்தப் படிப்பு உதவுமா?

உதவும். ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வரும் காற்றுக்குத்தான் முப்பந்தலில் இத்தனை காத்தாடிகள். ஒவ்வொன்றின் உள்ளேயும் காற்றின் திசைக்குத் தலையைத் திருப்ப ஒரு மோட்டார் தொகுதி, இறக்கையின் கோணத்தை மாற்ற ஒரு அமைப்பு, பிரேக், வேகம் அளக்கும் சென்சர், எல்லாவற்றையும் மேய்க்க ஒரு கண்ட்ரோலர். பழைய சின்ன மெஷின்களில் இறக்கைக் கோணம் மாறாத வகைகளும் உண்டு. பழையவற்றைப் புதுப்பிக்கவும் மாற்றவும் தமிழக அரசு 2024-ல் ஒரு கொள்கை வெளியிட்டது. அதனால் இந்த வேலைக்கு இன்னும் கொஞ்சகாலம் தேவை இருக்கும்.

ஆனால் உயரம் ஏற வேண்டும். பெல்ட் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறி, மேலே ஆடுகிற பெட்டிக்குள் நின்று வேலை செய்ய முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். சீசன் வைகாசி, ஆனியில் தொடங்கினால் புரட்டாசி வரை. அந்த மாதங்களில் ஒரு மெஷின் நின்றாலும் போன் விடாமல் அடிக்கும்.

யார் யார் சேரலாம்?

ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன், இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக், டிப்ளமோவில் இ.இ.இ., இ.சி.இ., இன்ஸ்ட்ருமென்டேஷன், மெக்கட்ரானிக்ஸ், அதே பிரிவுகளில் பி.இ. என்றால் நேராகச் சேரலாம். மெக்கானிக்கல் படித்தவர்களும் நன்றாக வருவார்கள். மெஷின் எப்படி அசைகிறது என்று அவர்களுக்குத் தெரியும், கரண்ட் பக்கத்தை மட்டும் பிடிக்க வேண்டும்.

பி.காம்., பி.ஏ. முடித்தவர்கள் நேராக பி.எல்.சி. கோர்ஸில் சேர வேண்டாம். முதலில் ஆறு மாதம் ஒரு பேனல் கடையிலோ எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டரிடமோ ஹெல்பராகப் போங்கள். கைக்காசும் மிச்சம், பிடிக்கிறதா என்றும் தெரிந்துவிடும்.

படிப்பை இப்போதுதான் முடித்தவர்களிடம் நான் முதலில் கேட்பது, அப்ரென்டிஸ் போட்டீர்களா என்பதுதான். டிப்ளமோ, பி.இ. முடித்தவர்களுக்கு மத்திய அரசின் நாட்ஸ் அப்ரென்டிஸ் திட்டம் இருக்கிறது, ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்குத் தனித் திட்டம். உதவித்தொகையோடு ஒரு கம்பெனிக்குள் பயிற்சி கிடைக்கும். காசு கொடுத்துப் படிக்கும் முன் காசு வாங்கிக்கொண்டு படிக்க வழி இருக்கிறதா என்று பார்ப்பதில் தப்பில்லையே. கல்லூரியில் இன்னும் இருப்பவர்கள் 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் தங்கள் கல்லூரிக்கு என்ன கோர்ஸ் வந்திருக்கிறது என்று பாருங்கள். அரசு ஐ.டி.ஐ.களில் 71-ஐ டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து இண்டஸ்ட்ரி 4.0 தரத்துக்கு உயர்த்தியிருக்கிறார்கள். அதில் ஆட்டோமேஷன், ரோபாட்டிக்ஸ் பிரிவுகள் உண்டு. தம்பி, தங்கை பத்தாம் வகுப்பு முடிக்கப்போகிறார்கள் என்றால் அதையும் விசாரித்து வையுங்கள்.

பகலில் வேலைக்குப் போகிறேன். மாலை வகுப்பு மட்டும் போதுமா?

பகலில் என்ன வேலை என்பதைப் பொறுத்தது. ஏதாவது யூனிட்டில் மெயின்டனன்ஸ், மோட்டார் வைண்டிங், பேனல் கடை, கேபிள் வேலை என்றால் தாராளமாகப் போதும். மாலையில் கற்றதை மறுநாள் காலையில் கண்ணால் பார்ப்பீர்கள். ஜவுளிக்கடையிலோ பைனான்ஸ் கம்பெனியிலோ இருந்தால் மாலை வகுப்போடு ஞாயிற்றுக்கிழமை செய்முறையும் உள்ள சென்டராகத் தேடுங்கள்.

பஸ்ஸையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலிலிருந்து குலசேகரம், அருமனை, கருங்கல் பக்கம் போகிறவர்களுக்கு எட்டரைக்கு வகுப்பு முடிந்தால் ஒன்று, ஒன்பதரைக்கு முடிந்தால் வேறு. கடைசி பஸ்ஸைப் பிடிக்கக் கால் மணி முன்பே கிளம்புகிறவர்கள் இழப்பது எப்போதும் செய்முறைப் பகுதியைத்தான், ஏனென்றால் அது கடைசியில்தான் வரும். ஆறு மணிக்குத் தொடங்கும் பேட்சா, செய்முறை முதலில் வருமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். ஆனி, ஆடி மழையும் ஐப்பசி மழையும் இரண்டும் நமக்கு உண்டு. விடுபட்ட வகுப்பைத் திரும்ப நடத்துவார்களா என்றும் கேளுங்கள்.

சென்டரில் சேரும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

நோட்டீஸில் மொத்தம் இத்தனை மணிநேரம் என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணை விடுங்கள். உங்கள் சொந்தக் கை பேனல் மேல் இருக்கப்போவது எத்தனை மணிநேரம் என்று கணக்குப் போடுங்கள். ஒரு கோர்ஸ் 90 மணிநேரம், அதில் பாதி செய்முறை என்று வைத்துக்கொள்வோம். பேட்ச்சில் 15 பேர், பி.எல்.சி. கிட் மூன்று. அப்படியானால் ஒரு கிட்டுக்கு ஐந்து பேர். 45 மணிநேரத்தை ஐந்தால் வகுத்தால் உங்கள் பங்கு 9 மணிநேரம். மீதி நேரம் அடுத்தவர் தோள் வழியாக எட்டிப் பார்க்கிறீர்கள். அதே கட்டணத்தில் கிட்டுக்கு இரண்டு பேர் உட்காரும் இடம் கிடைத்தால் கட்டடம் பழையதாக இருந்தாலும் அங்கே சேருங்கள்.

அடுத்தது, கிட் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சூட்கேஸ் மாதிரிப் பெட்டியில் பி.எல்.சி.யும் நாலு சுவிட்சும் நாலு விளக்கும் மட்டும் இருந்தால் அது புரோகிராம் பழக உதவும், வேலை பழக உதவாது. உண்மையான மோட்டார் ஒன்றாவது ஓட வேண்டும். கான்டாக்டர், ஓவர்லோடு ரிலே, டிரைவ், பிரஷரையோ டெம்பரேச்சரையோ அளந்து சிக்னலாக அனுப்பும் ஒரு டிரான்ஸ்மிட்டர், இரண்டு மூன்று வகை சென்சர், ஆபரேட்டர் மெஷினைப் பார்த்து இயக்கும் ஒரு ஹெச்.எம்.ஐ. திரை இருக்க வேண்டும். டெர்மினல் ஸ்க்ரூவின் தலையைப் பாருங்கள். தேய்ந்து போயிருந்தால் நல்ல அறிகுறி, பிள்ளைகள் கழற்றி மாட்டுகிறார்கள் என்று அர்த்தம். பளபளவென்று புதிதாக இருந்தால் அது ஷோகேஸ் பேனல்.

சொல்லிக்கொடுக்கிறவர் ஃபீல்டில் வேலை பார்த்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். வேண்டுமென்றே ஃபால்ட் வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்வீர்களா என்றும் கேளுங்கள். "ஆமாம், அதற்கென்றே தனி வகுப்பு இருக்கிறது" என்றால் பாதி முடிவு ஆகிவிட்டது. ஒரு வகுப்பைச் சும்மா உட்கார்ந்து பார்க்க விடாத இடத்துக்கு முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டாதீர்கள். அசல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்று யார் சொன்னாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

என்னென்ன, எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பார்கள்?

ஒழுங்கான இடத்தில் பி.எல்.சி. முதல் நாளே வராது. முதலில் ரிலே, கான்டாக்டர், டைமர் வைத்து ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரைக் கையால் வயரிங் செய்ய வைப்பார்கள். பிறகு சென்சர்கள், 24 வோல்ட் வயரிங், அதன் பிறகு பி.எல்.சி., டிரைவ், ஹெச்.எம்.ஐ., கடைசியில் ஆலை முழுவதையும் கம்ப்யூட்டர் திரையில் கண்காணிக்கும் ஸ்காடா, நெட்வொர்க். மோடிகான் 1979-ல் கொண்டுவந்த மோட்பஸ், அதாவது கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறை, இன்றைக்கும் எனர்ஜி மீட்டர் முதல் டிரைவ் வரை ஓடிக்கொண்டிருப்பதால் அதைக் கட்டாயம் படியுங்கள்.

எல்லாரும் ஒரு வாரத்திலேயே தாண்டிப் போக நினைக்கும் ஒரு பாடத்தை மட்டும் இங்கே விரித்துச் சொல்கிறேன்: ஸ்டார்ட், ஸ்டாப் பட்டன். ஸ்டார்ட் பட்டன் என்.ஓ. (நார்மலி ஓப்பன்), அழுத்தினால் இணைப்பு சேரும். ஸ்டாப் பட்டன் என்.சி. (நார்மலி க்ளோஸ்டு), எப்போதும் சேர்ந்திருக்கும், அழுத்தினால் பிரியும். ஏன் ஸ்டாப்பை மட்டும் அப்படி வைக்கிறோம்? பட்டனிலிருந்து பேனலுக்கு வரும் வயரை எலி கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்.சி.யாக இருந்தால் வயர் அறுந்த நொடியே மோட்டார் நின்றுவிடும், ஏதோ கோளாறு என்று தெரிந்துவிடும். என்.ஓ.வாக இருந்தால் மோட்டார் பாட்டுக்கு ஓடும். ஒருவர் கை மாட்டிக்கொண்டு, மற்றவர் ஓடிவந்து பட்டனை அழுத்தும்போதுதான் அது வேலை செய்யவில்லை என்று தெரியும்.

இப்போது இதையே பி.எல்.சி.க்குக் கொண்டு போகும்போது ஒரு முடிச்சு விழும். வெளியே என்.சி. பட்டன் இருப்பதால் அந்த இன்புட்டுக்கு எப்போதும் 24 வோல்ட் வந்துகொண்டிருக்கும், பி.எல்.சி. அதை 1 என்று படிக்கும். ஆகவே லேடருக்குள் அதை என்.ஓ. குறியாகத்தான் போட வேண்டும். அழுத்தினால் 0 ஆகி வழி அடைபடும். பட்டன் என்.சி. தானே என்று லேடரிலும் என்.சி. குறியைப் போட்டால் மோட்டார் ஸ்டார்ட்டே ஆகாது. சில இடங்களில் அதற்கு மாற்று என்று பட்டனையே என்.ஓ.வாக மாற்றிவிடுவார்கள், அப்புறம் எலி கதைதான். இந்த ஒரு விஷயத்தை வெள்ளைத்தாளில் வரைந்து விளக்கத் தெரிந்தவரை நான் வேலைக்கு எடுப்பேன், மற்றதைச் சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம். எமர்ஜென்சி ஸ்டாப்பைப் பற்றி ஒரு வார்த்தை: அது பி.எல்.சி. புரோகிராமை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. தனியாகச் சேஃப்டி ரிலே வழியாகப் பவரையே துண்டிக்க வேண்டும்.

4-20 மில்லி ஆம்ப் என்கிறார்களே, ஏன் 0-வில் தொடங்கவில்லை?

டிரான்ஸ்மிட்டர் தான் அளந்ததை 4 முதல் 20 மில்லி ஆம்ப் வரையிலான கரண்ட்டாக அனுப்பும். 4-ல் தொடங்குவது வயர் அறுந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக. 0 முதல் 10 பார் வரை அளக்கும் பிரஷர் டிரான்ஸ்மிட்டரில் பிரஷர் இல்லையென்றால் 4 மில்லி ஆம்ப் வரும், 10 பாருக்கு 20 வரும். 12 வந்தால் சரியாக 5 பார். 0 வந்தால் பிரஷர் இல்லை என்று அர்த்தமில்லை, லூப் அறுந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டே வயரில் டிரான்ஸ்மிட்டருக்கு வேண்டிய பவரும் அந்த 4-லிருந்தே கிடைத்துவிடும். சீமென்ஸ் எஸ்7-1200-ல் இந்த 4-20 உள்ளே 0-27648 என்ற எண்ணாக மாறும். அதை மறுபடி பார் ஆக மாற்றுவதுதான் ஸ்கேலிங். எட்டாம் வகுப்புக் கணக்குதான், பயப்பட ஒன்றுமில்லை.

எந்த பிராண்ட் பி.எல்.சி. படித்தால் நல்லது?

ஒன்றை ஆழமாகப் படியுங்கள், இரண்டாவதைத் தொட்டுப் பாருங்கள். சீமென்ஸ், ஆலன் பிராட்லி, மிட்சுபிஷி, ஷ்னைடர், டெல்டா என்று பத்து பெயரை நோட்டீஸில் அடுக்கினால் ஒன்றும் உருப்படியாகப் பழக முடியாது. நம் பக்கத்துச் சின்ன மெஷின்களில் விலை காரணமாக டெல்டாவும் மிட்சுபிஷியும் அடிக்கடி கண்ணில் படும். பெரிய ஆலைக்குப் போக நினைத்தால் சீமென்ஸ் கைகொடுக்கும். புரோகிராம் மொழிகளுக்கு ஐ.இ.சி. 61131-3 என்று பொதுத் தரம் 1993-லேயே வந்துவிட்டது. லேடர், ஃபங்ஷன் பிளாக், ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் மூன்றும் ஒரு பிராண்டில் புரிந்தால் அடுத்ததற்கு மெனு எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் வேலை.

லேப்டாப் கட்டாயமா? வீட்டில் எப்படிப் பழகுவது?

இருந்தால் நல்லது, இல்லையென்றால் சேராமல் இருக்க வேண்டாம். விண்டோஸ் லேப்டாப் வேண்டும். சீமென்ஸ் பி.எல்.சி.க்குப் புரோகிராம் எழுதும் டி.ஐ.ஏ. போர்ட்டல் சாப்ட்வேர் கனமானது, 16 ஜி.பி. ராம் இல்லையென்றால் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். பழைய லேப்டாப் என்றால் கோட்சிஸ் என்ற பி.எல்.சி. சாப்ட்வேரைப் போடுங்கள். அது இலவசம், உள்ளேயே சிமுலேட்டர் இருக்கிறது, பி.எல்.சி. வாங்காமலே புரோகிராமை ஓட்டிப் பார்க்கலாம். டெல்டாவின் மென்பொருளும் இலவசம். கிராக் செய்த சாப்ட்வேரைப் பென் டிரைவில் வாங்கி ஏற்றிக்கொண்டு கம்பெனி பேனலில் குத்திவிடாதீர்கள். வைரஸ் போனால் நிற்பது கஸ்டமரின் மொத்த லைன்.

சிமுலேட்டரில் பழகியவர்கள் ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். அங்கே வயர் லூஸ் ஆகாது, சென்சரில் தூசி படியாது, கடல்காற்றில் டெர்மினல் பச்சை பிடிக்காது. குளச்சல், முட்டம், சின்னமுட்டம் பக்கத்துப் பேனல்களில் பாதி ஃபால்ட் அந்தப் பச்சைதான்.

எனக்கு இங்கிலீஷ் சரியாக வராது. முடியுமா?

முடியும். பேசுவதற்குத் தேவைப்படும் இங்கிலீஷ் வேறு, மேனுவல் படிக்கத் தேவைப்படுவது வேறு. இரண்டாவது கட்டாயம். டிரைவ் மேனுவலில் திரும்பத் திரும்ப வருகிற சொற்கள் இருநூறு முந்நூறு இருந்தால் அதிகம். தினம் ஒரு பக்கம், டிக்ஷனரியோடு. மூன்று மாதத்தில் பயம் போய்விடும். மலையாளம் தெரிந்திருந்தால் கூடுதல் லாபம், கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது சொல்லாமலே இருக்கிறது.

பெண்கள் சேரலாமா? வீட்டில் தயங்குகிறார்கள்.

சேரலாம். பேனல் வயரிங்கில் பெண்கள் கட்டிய பேனலைத் திறந்தால் உள்ளே வயர் ஒழுங்காகப் படுத்திருக்கும், வயர் முனையில் மாட்டும் ஃபெருல் நம்பர் நேராக நிற்கும். நான் பார்த்தவரை அப்படித்தான். டிசைன், எலக்ட்ரிக்கல் டிராயிங், ஸ்காடா திரை வடிவமைப்பு, புரோகிராமிங், டெஸ்டிங் எல்லாவற்றிலும் வேலை உண்டு. தயக்கம் வருவது கமிஷனிங் வேலையில். வெளியூர், நேரம் காலம் இல்லாத சைட், சில சைட்களில் பெண்களுக்குக் கழிப்பறை கூட இருக்காது. அதை மறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. போகிறவர்களும் இருக்கிறார்கள், அலுவலகப் பக்கமே இருந்து மேலே வந்தவர்களும் இருக்கிறார்கள். மாலை வகுப்பைப் பொறுத்தவரை எட்டு மணிக்குள் முடியும் பேட்ச் கேளுங்கள். டவுன் பஸ்ஸில் விடியல் பயணம் இருப்பதால் போக்குவரத்துச் செலவு பிரச்சினை இல்லை.

35 வயதாகிவிட்டது. இனிமேல் படித்து என்ன?

எலக்ட்ரிக்கல் அனுபவம் இருந்தால் தாராளமாக. இல்லையென்றால் இந்த வயதில் வீட்டுச் செலவோடு மறுபடி ஹெல்பராக நிற்க முடியுமா என்று யோசித்துவிட்டு வாருங்கள்.

மாமா கத்தாரில் இருக்கிறார். பி.எல்.சி. சர்டிபிகேட் இருந்தால் எடுத்துவிடலாம் என்கிறார். உண்மையா?

மாமா நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் வளைகுடாவில் எண்ணெய், எரிவாயு வேலைகளுக்கு ஆள் எடுக்கும்போது சர்டிபிகேட்டை விட அனுபவக் கடிதத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். அங்கே அதிகம் கேட்பது இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். டிரான்ஸ்மிட்டரைக் கேலிபரேட் செய்வது, கண்ட்ரோல் வால்வு, லூப் செக், ஷட்டவுன் வேலை. அதனால் வெளிநாடுதான் குறி என்றால் பி.எல்.சி.யோடு இன்ஸ்ட்ருமென்டேஷனும் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் படித்து, இங்கே இரண்டு மூன்று வருடம் ஆலையில் நின்றுவிட்டுப் போங்கள்.

ஏஜென்ட் வழியாகப் போனால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த ஏஜென்சி பதிவு செய்யப்பட்டதா என்று பாருங்கள். சேவைக் கட்டணமாக அவர்கள் வாங்கக்கூடிய உச்சவரம்பு ரூ.30,000, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வாருங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது, அதன் அறிவிப்புகளையும் பார்த்து வாருங்கள்.

கோர்ஸ் சர்டிபிகேட்டுக்கு மதிப்பு உண்டா? "100 சதவீதம் பிளேஸ்மென்ட்" என்கிறார்களே?

சர்டிபிகேட் உங்களை இன்டர்வியூ அறை வரை கொண்டு போகும், அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. வயரிங் வேலை செய்ய அது போதாது. அதற்கு மின் உரிம வாரியத்தின் வயர்மேன் அல்லது சூப்பர்வைசர் தகுதிச் சான்று தனியாக வாங்க வேண்டும். இங்கே தொழில் செய்ய நினைப்பவர்கள் அதையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

நூறு சதவீதம் என்பவர்களிடம் போன பேட்ச்சில் படித்த மூன்று பேரின் போன் நம்பரைக் கேளுங்கள். கொடுத்தால் பேசிப் பாருங்கள். கொடுக்கவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

தொடக்கச் சம்பளம் எவ்வளவு வரும்?

ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் தொகை சொல்லி ஆசை காட்ட மாட்டேன். ஆனால் கேட்க வேண்டியது எது என்று சொல்கிறேன். சம்பளத்தை மட்டும் கேட்காமல் சைட் பேட்டா எவ்வளவு, தங்க இடமும் பயணமும் யார் பொறுப்பு, பி.எஃப். உண்டா, ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு என்ன, பாண்ட் இருக்கிறதா என்று எல்லாம் கேளுங்கள். சம்பளம் குறைந்தாலும் வெவ்வேறு மெஷின்களுக்குக் கூட்டிப் போகிற சின்ன கம்பெனி முதல் இரண்டு வருடத்துக்கு நல்லது. ஒரே லைனில் ஒரே பட்டனை ரீசெட் செய்கிற வேலையில் கூடுதலாகக் கிடைத்தாலும் கை வளராது.

கரண்ட் வேலை, பயமாக இருக்கிறதே?

கொஞ்சம் பயம் இருப்பது நல்லதுதான். 24 வோல்ட் பக்கம் ஆபத்து குறைவு, ஆனால் அதே பேனலுக்குள் ஒரு சாண் தள்ளி 415 வோல்ட் இருக்கும். டிரைவை ஆஃப் செய்தவுடன் கை வைக்காதீர்கள். உள்ளே கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும், மூடியில் எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். அத்தனை நிமிடம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தொடுங்கள். மோட்டாரின் இன்சுலேஷனை மெக்கர் மீட்டரால் சோதிக்கும்போது டிரைவிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் டிரைவ் போய்விடும். வேலை செய்யும்போது மெயினை ஆஃப் செய்து பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர் "லைட் வரல்லியே" என்று சுவிட்சைப் போட்டுவிடுவார்.

ஏ.ஐ. வந்தால் இந்த வேலை போய்விடாதா?

லேடர் எழுதுவதில் உதவி செய்யும், இப்போதே செய்கிறது. பச்சை பிடித்த டெர்மினலைச் சுரண்டிச் சுத்தம் செய்ய ஆள்தான் வர வேண்டும்.

இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?

சின்னக் கேள்விகள்தான். ஸ்கேன் சைக்கிள் என்றால் என்ன? இன்புட்டைப் படித்து, புரோகிராமை ஓட்டி, அவுட்புட்டை எழுதுவது, அதைத் திரும்பத் திரும்பச் செய்வது. பி.என்.பி. சென்சருக்கும் என்.பி.என். சென்சருக்கும் என்ன வித்தியாசம்? ஒன்று பிளஸ்ஸைக் கொடுக்கும், மற்றது மைனஸுக்கு இழுக்கும். மூன்று வயர் சென்சரில் எது எது? பிரவுன் பிளஸ், நீலம் மைனஸ், கறுப்பு சிக்னல். பிடி100 டெம்பரேச்சர் சென்சருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? பிடி என்றால் பிளாட்டினம், 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5. ஸ்டார்-டெல்டா எதற்கு? ஸ்டார்ட் ஆகும்போது லைனில் இழுக்கும் கரண்ட் மூன்றில் ஒன்றாகக் குறைய.

அப்புறம் கையில் டிராயிங்கைக் கொடுத்து, ஓடாத பேனலைக் காட்டுவார்கள். உடனே லேப்டாப்பைத் திறக்கிறவரை அங்கேயே கழித்துவிடுவார்கள். சப்ளை வருகிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா, 24 வோல்ட் இருக்கிறதா, ஓவர்லோடு டிரிப் ஆகியிருக்கிறதா, பி.எல்.சி. இன்புட் விளக்கு எரிகிறதா, அவுட்புட் விளக்கு எரிகிறதா என்று வரிசையாகப் போங்கள். இன்புட் வருகிறது, அவுட்புட் வரவில்லை என்றால்தான் புரோகிராமைத் திறக்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்த மெஷின் ஒருநாள் நின்றதென்றால் புரோகிராம் தானாக மாறியிருக்காது.

முதல் நாள் என்ன கொண்டு வர வேண்டும்?

ஒரு நோட்டு, டெஸ்டர், சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட், நல்ல மல்ட்டிமீட்டர். மீட்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், கேட் 3 (CAT III) என்ற பாதுகாப்புத் தரம் எழுதியிருப்பதாக வாங்குங்கள். ஷூ போட்டு வாருங்கள், ரப்பர் செருப்போடு வந்தால் செய்முறைக்கு விடமாட்டார்கள். மோதிரம், செயின், கையில் கட்டிய கம்பிக் காப்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.